பழைய லேப்டாப்பில் எந்த விண்டோஸ்? 7, 10, 11, கூடவே ஒரு லினக்ஸ்

“அண்ணா, 2017ல வாங்கின லேப்டாப். ஐ5, 8 ஜிபி ரேம். பத்துக்கு அப்டேட் நின்னுபோச்சாமே, பதினொண்ணு போட்டா மெஷின் தாங்குமா? கடையில கேட்டா, ஏழு போட்டுத் தரேன், ராக்கெட் மாதிரி ஓடும்ங்கிறாங்க. எதைப் போடட்டும்?”

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அதிலிருந்து இந்தக் கேள்வி ஏதாவது ஒரு உருவத்தில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் எல்லோரும் “எது ஃபாஸ்ட்?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரே கணினியில் நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த ஆள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடையாது, மூன்று நான்கு பதில்கள் இருக்கின்றன. எந்த வேலையில் ஃபாஸ்ட், எந்த டிஸ்கில் ஃபாஸ்ட், இன்னும் எத்தனை மாதத்துக்கு ஃபாஸ்ட் என்று பிரித்துக் கேட்டால்தான் பிடி கிடைக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

வன்பொருள் பொருத்தம். உங்கள் பிராசஸர் எந்தத் தலைமுறை, ரேம் எவ்வளவு, உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்கா எஸ்எஸ்டியா. இன்டெல் என்றால் தலைமுறையை எண்ணிலேயே பார்க்கலாம். ஐ5-7200 என்றால் 7ஆம் தலைமுறை, ஐ5-8250 என்றால் 8ஆம் தலைமுறை. “ஐ5” என்பது மட்டும் எதையும் சொல்லாது. 2011-லும் ஐ5 இருந்தது, 2021-லும் இருந்தது.

அன்றாட வேகம். பூட் ஆகும் நேரம், பிரவுசரில் பத்து டேப் திறந்தபின் நடக்கும் கூத்து, எக்செலும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து ஓடும்போது வரும் இழுவை. பென்ச்மார்க் மதிப்பெண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே பிராசஸரில் கணக்குப் போடும் வேகம் பதிப்புக்குப் பதிப்பு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது காத்திருக்கும் நேரம்.

பாதுகாப்புக்கு இன்னும் எத்தனை நாள். இது வேகத்தோடு சம்பந்தமில்லாத விஷயம் போலத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள், இருக்கிறது.

மென்பொருள், டிரைவர், தமிழ்த் தட்டச்சு. உங்கள் பிரின்டரும் டேலி கணக்கு மென்பொருளும் டிஜிட்டல் சிக்னேச்சர் (டிஎஸ்சி) டோக்கனும் ஓடாத கணினி எவ்வளவு வேகமாக இருந்து என்ன பயன்?

மறைந்திருக்கும் செலவு. ‘இலவசம்’ என்று போட்டிருக்கும் இடத்தில்தான் இது அதிகம்.

வேகத்தை அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுசாக அணைவதில்லை. இயங்குதளத்தின் உட்கருவை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது, மறுநாள் அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பது இதுதான். விண்டோஸ் 7-இல் இது இல்லை, அது ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்திலிருந்து எழுந்து வரும். ஆகவே 7-இன் பூட் நேரத்தையும் 10-இன் பூட் நேரத்தையும் அருகருகே வைத்தால் ஒப்பீடு சரியாக வராது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து அளந்தால்தான் இரண்டும் ஒரே கோட்டிலிருந்து ஓடும்.

கைக்கடிகாரமும் தேவையில்லை. ஈவன்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் என்று உள்ளே போனால் 100 என்ற எண்ணுள்ள பதிவுகள் இருக்கும். பூட் ஆக எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று கணினியே எழுதி வைத்திருக்கும். கடைக்காரர் “இப்ப சூப்பரா ஓடுது” என்று திருப்பித் தரும்போது, முன்னால் இருந்த எண்ணையும் இப்போதைய எண்ணையும் பாருங்கள்.

## டிஸ்கைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்

2017 வாக்கில் நம் ஊர்க் கடைகளில் விற்ற லேப்டாப்களில் பெரும்பாலும் 1 டிபி ஹார்டு டிஸ்க்தான் இருந்தது. பெட்டியில் ‘1 டிபி’ என்று பெரிதாக இருந்தால் வாங்குகிறவருக்கும் திருப்தி. அந்த டிஸ்க் ஒரு தட்டு சுழலும் இயந்திரம். அதன் முள், நொடிக்கு நூறு நூற்றைம்பது இடங்களுக்குத்தான் தாவிப் போய்ப் படிக்க முடியும். மிகச் சாதாரண எஸ்எஸ்டிகூட அதே நொடியில் பல ஆயிரம் இடங்களைப் படித்துவிடும்.

இதற்கும் விண்டோஸ் பதிப்புக்கும் என்ன சம்பந்தம்? விண்டோஸ் 7 பூட் ஆனதும் சும்மா இருக்கும். 10-ம் 11-ம் பூட் ஆனதும் வீட்டு வேலையை ஆரம்பித்துவிடும்: டிஃபென்டரின் வைரஸ் ஸ்கேன், தேடலுக்கான அட்டவணை, அப்டேட் பதிவிறக்கம், ஸ்டோர் செயலிகளின் புதுப்பிப்பு. ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும் என்ற முள்ளை, பத்துப் பேர் பத்துப் பக்கம் இழுக்கிறார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸர் 8 சதவீதத்தில் சும்மா இருக்கும், டிஸ்க் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும். வீட்டில் நான் வைத்திருந்த பழைய லேப்டாப் அப்படித்தான் இருந்தது. பவர் பட்டனை அழுத்திவிட்டுப் போய் டீ போட்டு, வடிகட்டி, எடுத்து வந்து உட்கார்ந்தால் டெஸ்க்டாப் தெரியும். ஆனால் குரோமைச் சொடுக்கினால் டீ ஆறும் வரை அது திறக்காது.

அதே லேப்டாப்பில் டிஸ்கை மட்டும் மாற்றினேன், அதே விண்டோஸ் 10-ஐ அப்படியே நகலெடுத்துப் போட்டேன். அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் தயாராகிவிட்டது. பதிப்பு மாறவில்லை, பிராசஸர் மாறவில்லை.

ஆகவே ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் ஓட்டிக்கொண்டு “10 ஸ்லோவா, 11 ஸ்லோவா” என்று கேட்பவர்களிடம், முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுவிட்டு வாருங்கள் என்கிறேன். பழைய லேப்டாப்புகளில் பின்மூடியைத் திறந்து நான்கு திருகாணி கழற்றினால் முடிகிற வேலை. ரேம் 4 ஜிபி என்றால் அதையும் 8 ஆக்குங்கள். ஆனால் ரேமும் டிஸ்கும் என்ற இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் டிஸ்க்தான் முதலில்.

கீழே வரும் ஒப்பீடு எல்லாம் எஸ்எஸ்டி இருக்கிறது என்ற கணக்கில் எழுதியது.

| | விண்டோஸ் 7 | விண்டோஸ் 10 | விண்டோஸ் 11 | லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ |
|---|---|---|---|---|
| வெளியானது | 2009 அக்டோபர் | 2015 ஜூலை | 2021 அக்டோபர் | 22ஆம் வரிசை, 2024 |
| பாதுகாப்புத் திருத்தம் | 2020 ஜனவரியில் நின்றது | பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை | தொடர்கிறது | 2029 வரை |
| நிம்மதியாக ஓட ரேம் | 2–4 ஜிபி | 8 ஜிபி | 8 ஜிபி, 16 நல்லது | 4 ஜிபி |
| பிராசஸர் | பழையது போதும், மிகப் புதியது ஆகாது | பெரும்பாலும் எதுவும் | இன்டெல் 8ஆம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் 2000 (லேப்டாப்பில் 3000) முதல் | 64 பிட் என்றால் போதும் |
| டேலி, டிஎஸ்சி டோக்கன் | புதிய பதிப்புகளுக்கு உத்தரவாதமில்லை | ஓடும் | ஓடும் | தலைவலி |
| சும்மா இருக்கும்போது | மிக லேசு | நடுத்தரம் | கனம் | மிக லேசு |

## விண்டோஸ் 7: ராக்கெட் கதை எவ்வளவு உண்மை

பாதி உண்மை. பூட் ஆகி நின்ற விண்டோஸ் 7, 1 ஜிபி அளவு ரேமில் அடங்கிவிடும். மெனு திறப்பதும் ஃபோல்டர் திறப்பதும் சொடுக்கியதும் நடக்கும். பின்னணி வேலைகள் குறைவு, விளம்பரம் இல்லை, செய்தி விட்ஜெட் இல்லை. 2012-இல் வாங்கிய 2 ஜிபி மெஷினில் 7-ஐயும் 10-ஐயும் மாற்றிப் போட்டுப் பார்த்தவர்கள் 7 பக்கம் சாய்வதில் ஆச்சரியமே இல்லை.

மீதிப் பாதி, பிரவுசரைத் திறந்ததும் தெரியும். குரோம் 109-ஓடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது, அது 2023-இன் ஆரம்பம். இன்று கணினியில் நாம் செய்யும் வேலையில் முக்கால்வாசி பிரவுசருக்குள் நடக்கிறது. அந்தப் பக்கங்களின் கனம் 7-க்காகக் குறையப்போவதில்லை. பழைய பிரவுசரில் வங்கித் தளங்கள் ஒவ்வொன்றாக முகம் திருப்பிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு பிராசஸர் ஓட்டைகள் வெளியே வந்தன. அவற்றை அடைக்கும் திருத்தங்கள் கணினியை மெதுவாக்கும் என்று மைக்ரோசாப்டே ஒப்புக்கொண்டது. யாருக்கு எவ்வளவு என்றும் சொன்னது: 2016 வாக்கில் வந்த கணினியில் விண்டோஸ் 10 என்றால் பெரும்பாலோருக்குத் தெரியாது. 2015 வாக்கில் வந்த கணினியில், ஹாஸ்வெல் (இன்டெல் 4ஆம் தலைமுறை) அல்லது அதற்கும் பழைய சிப்பில் விண்டோஸ் 7 என்றால் பெரும்பாலோருக்குத் தெரியும். காரணம் சுவாரசியமானது. எழுத்துருவை வரைந்து காட்டும் வேலையை விண்டோஸ் 7 உட்கருவுக்குள்ளேயே வைத்திருந்தது. திருத்தத்துக்குப் பிறகு உட்கருவுக்குள் போய் வருவதுதான் செலவு பிடிக்கும் வேலை. அதாவது பழசு லேசு என்பதற்காக எல்லா இடத்திலும் அதுவே வேகம் என்று வைத்துக்கொள்ள முடியாது. சரி, திருத்தமே போடாமல் ஓட்டினால்? வேகம் அப்படியே இருக்கும், ஓட்டையும் அப்படியே இருக்கும். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை வைரஸ் உலகைச் சுற்றியபோது மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை, இரண்டு மாதம் முன்பே வந்திருந்த திருத்தத்தைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள்.

இத்தனைக்கும் பிறகு, 7-ஐ விடவே கூடாத இடம் ஒன்று உண்டு. விருதுநகர் பக்கம் கல்யாணப் பத்திரிகை டிடிபி செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் கடையில் ஓரமாக ஒரு கணினி, 32 பிட் விண்டோஸ் 7. உள்ளே பேஜ்மேக்கர் 7, பாமினியும் அதன் சகோதர எழுத்துருக்களும், இருபது வருட முகூர்த்தங்களின் ஃபைல்கள். தம்பி பத்திரிகை அடிக்க வந்தால் அண்ணன் பத்திரிகையைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுவார். பின்னால் அகலமான பழைய பேரலல் போர்ட்டில் ஒரு லேசர் பிரின்டர். எழுத்துருத் தொகுப்புக்கான டாங்கிளும் (சொருகினால்தான் மென்பொருள் ஓடும், அந்தச் சாவி) அங்கேதான். அந்த டாங்கிளின் டிரைவர் 32 பிட். 64 பிட் விண்டோஸுக்குள் 32 பிட் டிரைவர் நுழையவே முடியாது, விண்டோஸ் 11-இலோ 32 பிட் பதிப்பே கிடையாது. பேஜ்மேக்கரை எப்படியாவது நகர்த்திவிட்டாலும் டாங்கிளை நகர்த்த முடியாது.

அந்தக் கணினியைத் தொடாதீர்கள் என்றேன். நெட் கேபிளை மட்டும் பிடுங்கி எடுத்துவிட்டோம். ஃபைல் போகவர ஒரே ஒரு பென்டிரைவ், அதுவும் முன்னால் இருக்கும் விண்டோஸ் 10 கணினியில் ஸ்கேன் ஆன பிறகு. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆவணி மாத நெரிசலில் அந்தப் பழைய பெட்டி ஓடும் ஓட்டத்தைப் பார்த்தால் யாரும் அதை மாற்றச் சொல்ல மாட்டார்கள். டாஸ் காலத்து பில்லிங் புரோகிராமை இன்னும் ஓட்டும் மளிகைக் கடைகளுக்கும் இதே யோசனைதான்.

மறைந்த செலவு: அந்த ஹார்டு டிஸ்க் ஒருநாள் போகும். மதர்போர்டும் போகும். முழு டிஸ்கின் நகல் ஒன்றை இப்போதே எடுத்து பீரோவில் வையுங்கள்.

## விண்டோஸ் 10: கெடு வைத்த சௌகரியம்

எனக்கு இன்னும் பிடித்த பதிப்பு இதுதான், மறைக்க ஒன்றுமில்லை. 7-ஐவிட ரேம் அதிகம் கேட்கிறது, ஆனால் ரேம் தட்டுப்பாடு வரும்போது நிலைமையை நன்றாகச் சமாளிக்கிறது. பயன்படாமல் கிடக்கும் பக்கங்களை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும் வசதி 7-இல் இல்லை, 10-இல் வந்தது. 7-இல் டிஸ்குக்குப் போய் அடித்துக்கொள்ளும் இடத்தில் 10 கொஞ்சம் மூச்சு விடும். தமிழுக்கும் இது நல்ல வீடு. நிர்மலா எழுத்துரு ஏற்கெனவே விண்டோஸ் 8-இல் வந்துவிட்டது. 10-இன் பிற்காலப் பதிப்புகளில் தமிழ் 99 விசைப்பலகையும் ஒலிப்பு முறை விசைப்பலகையும் உள்ளேயே வந்துவிட்டன, தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

ஆனால் நாள் குறித்தாகிவிட்டது. வீட்டு உபயோகத்துக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். சேர மூன்று வழி: 30 டாலர் கட்டலாம், மைக்ரோசாப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 கொடுக்கலாம், அல்லது அமைப்புகளைக் கிளவுடுக்கு ஒத்திசைக்கச் சம்மதித்தால் காசில்லாமலே கிடைக்கும். மூன்றுக்குமே மைக்ரோசாப்ட் கணக்கு வேண்டும், கணினி விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் அதற்கான இணைப்பு தெரியும். இத்தனை எளிதாக இருந்தும் பலர் சேரவே இல்லை. “அப்டேட் வந்தா ஸ்லோவாகும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்தத் திட்டத்தில் வருவது பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். புது வசதி எதுவும் வராது, வராததால் புதிதாகக் கனமும் ஏறாது. ஒரு விதத்தில் 10 தன் வாழ்நாளிலேயே மிக நிதானமாக இருப்பது இப்போதுதான்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. “எல்டிஎஸ்சி போட்டுத் தர்றேன், 2032 வரைக்கும் அப்டேட் வரும்” என்று சொல்லும் ஆட்கள் உண்டு. அப்படி ஒரு பதிப்பு இருப்பது உண்மை. ஏடிஎம், கியாஸ்க் மாதிரியான கருவிகளுக்காக நிறுவனங்களுக்கு விற்கப்படுவது அது. முந்நூறு ரூபாய்க்கு வீட்டு லேப்டாப்பில் ஏறுகிறது என்றால் அதோடு, உரிமம் இல்லாமலே ஓட வைக்கும் ஒரு ஆக்டிவேட்டரும் சேர்ந்து ஏறுகிறது. ஆக்டிவேட்டரைப் போட டிஃபென்டரை அணைக்கச் சொல்வார்கள். அணைத்த வீட்டுக்குள் அப்புறம் யார் யார் வந்தார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

## விண்டோஸ் 11: யாருக்கு வேகம், யாருக்கு பாரம்

இதில் இரண்டு கூட்டத்தைப் பிரித்துப் பேச வேண்டும்.

முதல் கூட்டம், தகுதி உள்ள கணினிகள். இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது ஏஎம்டி ரைசன் 2000 வரிசை (லேப்டாப் என்றால் 3000) முதல், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சில்லு), செக்யூர் பூட், குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். மைக்ரோசாப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியே பார்த்துச் சொல்லிவிடும். பலருக்கு அது ‘தகுதியில்லை’ என்று சொல்வது பயாஸில் (கணினி எழும்போதே நுழையும் அடிப்படை அமைப்புத் திரை) டிபிஎம் அணைந்து கிடப்பதால்தான். இன்டெலில் ‘பிடிடி’ என்ற பெயரில், ஏஎம்டியில் ‘எஃப்டிபிஎம்’ என்ற பெயரில் இருக்கும், போய் முடுக்கிவிட்டால் சரி. முறையான விண்டோஸ் 10 உரிமம் இருந்தால் 11-க்கு மாறக் காசு கிடையாது.

12ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் என்றால் 11-க்கு உண்மையான வேகக் காரணமே உண்டு. அந்தச் சிப்புகள் பலவற்றில் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகை இருக்கின்றன. எந்த வேலையை எதற்கு அனுப்புவது என்று சிப் கொடுக்கும் துப்பை முழுசாகப் படிக்கத் தெரிந்தது 11-தான். புது லேப்டாப்பில் 10-ஐத் தேடிப் போடுவது வீண் வேலை.

8 முதல் 11ஆம் தலைமுறை வரை உள்ளவர்களுக்கு, 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால், பெரிய வித்தியாசம் கைக்குத் தெரியாது. சின்னச் சின்ன எரிச்சல்தான். வலது சொடுக்கு மெனுவில் பாதி விஷயங்கள் ‘மேலும் காட்டு’ என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்க ஒரு கணம் யோசிக்கிறது. விட்ஜெட், புதிய அவுட்லுக் எல்லாம் உள்ளே பார்த்தால் வலைப்பக்கங்கள், பிரவுசர் எடுக்கும் ரேமை அவையும் எடுக்கும். 4 ஜிபியில் 11-ஐப் போடுவதற்கு அனுமதி இருக்கிறது என்பதற்காகப் போடாதீர்கள்.

‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு அம்சத்தையும் சொல்ல வேண்டும். டிரைவர் என்ற பெயரில் கெட்ட நிரல் உட்கருவுக்குள் நுழையாமல் காவல் நிற்பது அது. புதிதாக நிறுவும் 11-இல் பெரும்பாலும் தானாகவே முடுக்கப்பட்டிருக்கும். இன்டெல் 7ஆம் தலைமுறை, ஏஎம்டி ஜென் 2 முதல் இதற்கான சுற்று சிப்புக்குள்ளேயே இருக்கிறது, அதனால் காவலுக்குச் செலவு குறைவு. அதற்கும் பழைய சிப்புகளில் அதையே மென்பொருளால் ஒப்பேற்ற வேண்டும், வேகம் கண்ணுக்குத் தெரிந்து குறையும். 11 பழைய சிப்புகளை வாசலிலேயே நிறுத்துவதற்கு இது ஒரு நியாயம். எல்லாம் புது லேப்டாப் விற்கச் செய்யும் சதி என்று நானும் கொஞ்ச காலம் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாம் கூட்டம், தகுதி இல்லாத கணினியில் வம்படியாக 11-ஐ ஏற்றுபவர்கள். ரூஃபஸ் மாதிரியான கருவியில் பென்டிரைவ் தயாரிக்கும்போதே டிபிஎம், பிராசஸர் சோதனையைத் தாண்டச் சொல்லிவிடலாம். வேலை செய்கிறது, நானே செய்திருக்கிறேன். 6, 7ஆம் தலைமுறையில் எஸ்எஸ்டியோடு சுமாராகவே ஓடும். மாதாந்தரத் திருத்தங்களும் பெரும்பாலும் வருகின்றன. ஆனால் வரும் என்று மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தரவில்லை, வருடாந்தரப் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் அதே பென்டிரைவ் வித்தையைச் செய்ய வேண்டும். 2024-இல் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இல்லாத கோர் 2 டுவோ காலத்துச் சிப்புகள் பூட்டே ஆகாமல் நின்றன. சொந்தமாக நோண்டத் தெரிந்தவருக்கு இது பொழுதுபோக்கு. அம்மாவின் லேப்டாப்பில் செய்துவிட்டு வேறு ஊருக்குப் போகாதீர்கள்.

ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்குபவர்கள் இந்த இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். ‘ஐ5, விண்டோஸ் 11’ என்று ஒட்டியிருக்கும், உள்ளே 6ஆம் தலைமுறை இருக்கும். 11 ஓடுகிறது என்பது 11-க்குத் தகுதி என்பதற்குச் சான்று ஆகாது. சிஸ்டம் பக்கத்தைத் திறந்து எண்ணைப் பாருங்கள், தலைமுறை 8-க்குக் கீழே என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

மறைந்த செலவு இங்கே ஒன்று பெரியது. 24எச்2 முதல் புதிதாக நிறுவும்போது மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழைந்தால் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பூட்டியதாகப் பலருக்குத் தெரிவதே இல்லை. என் நண்பர் ஒருவர் லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தார், மதர்போர்டை மாற்றித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் நீலத் திரை, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது. நிறுவும்போது எந்த ஜிமெயிலைக் கொடுத்துக் கணக்கு திறந்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. குழந்தையின் முதல் வருடப் படங்கள் எல்லாம் அந்தப் பூட்டுக்குள். மூன்று நாள் கழித்து, மனைவியின் பழைய மின்னஞ்சலில் அந்தக் கணக்கு இருந்தது தெரிந்து சாவி கிடைத்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைக்காது. 11-க்கு மாறிய அன்றே சாவியைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பையில் வையுங்கள்.

## லினக்ஸ் மின்ட்: நான்காவது ஆள்

விண்டோஸ் ஒப்பீட்டில் இவர் எதற்கு என்று கேட்கலாம். 8ஆம் தலைமுறைக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2026 அக்டோபருக்குப் பிறகு மிஞ்சும் நேர்மையான வழி இதுதான், அதற்காக.

மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு விண்டோஸ் 7 போலவே இருக்கும், கீழே பட்டி, இடது மூலையில் மெனு. ரேமும் ஏறக்குறைய 7 அளவுதான் எடுக்கும். வேறுபாடு என்னவென்றால், இதில் இன்றைய ஃபயர்பாக்ஸ் ஓடும், 22ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். நிறுவுவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, வெளிச்சம் கூட்டக் குறைக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். தமிழ் 99 இதிலும் உண்டு, ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாக ஐந்து நிமிட வேலை.

ஆகாதவர்கள் யார்? டேலி வைத்திருப்பவர்கள், டிஎஸ்சி டோக்கனால் கையெழுத்துப் போட்டு ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்கள், எக்செலில் மேக்ரோ எழுதி வைத்திருக்கும் அலுவலகங்கள், போட்டோஷாப்பில் ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்கள். சில மலிவு லேசர் பிரின்டர்களும் லினக்ஸைப் பார்த்தால் ஊமையாகிவிடும். விண்டோஸோடு சேர்த்து இரண்டையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் முன்னே சொன்ன ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பாதி தூக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, அந்த டிரைவில் எழுத மாட்டேன் என்று லினக்ஸ் அடம்பிடிக்கும்.

படிக்கிற பையன், யூடியூப், மின்னஞ்சல், கொஞ்சம் லிப்ரே ஆபீஸ் என்றிருக்கும் வீட்டில் இதைப் போட்டுக் கொடுத்து வருடக் கணக்கில் புகார் வராமல் இருந்திருக்கிறேன். பிரின்டர் இருந்த வீடுகளில் மட்டும் இரண்டு முறை திரும்பப் போக வேண்டி வந்தது.

## அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன்

2017, ஐ5 என்றதும் எண்ணைப் பார்க்கச் சொன்னேன். 7200. அதாவது 7ஆம் தலைமுறை. அந்தச் சிப்புக்கு மைக்ரோசாப்ட் விண்டோஸ் 7-ஐ ஆதரித்ததே இல்லை, 2017-லேயே அப்படிப்பட்ட கணினிகளுக்கு 7-இன் அப்டேட்டை நிறுத்திவிட்டது. கடைக்காரரின் ராக்கெட் அங்கேயே இறங்கிவிட்டது. 11-க்கு ஒரு தலைமுறை குறைவு. பிகாம் படிக்கிறான், டேலி வகுப்புக்குப் போகிறான், ஆகவே லினக்ஸ் இப்போதைக்கு வேண்டாம். டாஸ்க் மேனேஜர் படம் அனுப்பச் சொன்னேன். நினைத்தது போலவே டிஸ்க் 100.

“எஸ்எஸ்டி வாங்கு, 10-ஐயே வெச்சுக்கோ, நீட்டிப்புல சேர்ந்துக்கோ” என்று எழுதினேன். இரண்டு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு நாள் ராத்திரி செய்தி வந்தது. “போட்டாச்சுண்ணா. ஆன் பண்ணினா உடனே வந்துடுது, டீ குடிக்கக்கூட நேரம் இல்ல. இனிமே பதினொண்ணு எதுக்கு?”

2026 அக்டோபர் 13-ஐ போன் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லிப் பதில் போட்டேன். அதற்குள் டேலி வகுப்பு முடிந்துவிடும் என்கிறான், அப்படியானால் மின்ட் பென்டிரைவை நானே கூரியரில் அனுப்புகிறேன்.